போதிய அளவு கைவிடப்படாதவள்

கல்லூரி வாசலில் கட்டியிருந்த பதாகையில், நரைத்த தலையோடு ஒரு பெண்மணி புத்தகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். படிப்புக்கு வயதில்லை, பணம் ஒரு தடையில்லை, வாருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து அவள் அதை நம்பி வந்தாள். முதல் நாள் வாசல் காவலாளி அவளிடம் 'பெற்றோர்' என்று அச்சடித்த அட்டையைக் கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். நான்தான் மாணவி என்று அவள் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மாணவிகளுக்கு வழி அந்தப் பக்கம், ஆனால் அந்தப் பக்கம் பெற்றோரை விடமாட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

ஆசைப்பட்டு வந்தவள் அல்ல அவள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பல வருடங்களாக ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. இனிமேல் பட்டம் இல்லாதவர்கள் ஊசியைத் தொடக்கூடாது என்று புதிதாக ஒரு விதி வந்தது. படித்து முடிக்க நான்கு வருடம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். பரிசோதனைக்கூட முதலாளி நல்ல மனிதர். அதுவரை உன் இடம் உனக்குத்தான், அப்புறம் வேண்டுமானால் வரவேற்பு மேசையில் பாதிச் சம்பளத்துக்கு உட்காரலாம் என்று ஆறுதல் சொன்னார். அவள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் முதல் வாரம் அவளை 'மேடம்' என்றார்கள், இரண்டாம் வாரம் 'ஆன்ட்டி' என்றார்கள், தேர்வு நெருங்கி நோட்டு தேவைப்பட்டபோது 'அக்கா' என்றார்கள்.

முதல் செமஸ்டர் கட்டணத்தைக் கணவன் கட்டினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அதற்காக ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனான். இரண்டாவது கட்டணத்துக்கு அவனிடம் இனி ஞாயிற்றுக்கிழமை மிச்சமில்லை. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. பெயர் போனால் அந்த வருடம் போச்சு, வருடம் போனால் அவகாசம் போச்சு. பதாகையின் இரண்டாவது வாக்கியத்தை அவள் மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, மாணவர் நல உதவிப் பிரிவைத் தேடிப் போனாள்.

அந்தப் பிரிவு வகுப்பு நடக்கிற நேரத்தில் மட்டும் திறந்திருக்கும். அங்கே வர வேண்டுமென்றால் வகுப்புக்கு மட்டம் போட வேண்டும். மட்டம் போட்டால் வருகைப் பதிவு குறையும். வருகைப் பதிவு குறைந்தவர்களுக்கு உதவி கிடையாது. இதை யாரோ ஒருவர் யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும். காத்திருப்போருக்கான நாற்காலிகளை யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி சங்கிலி போட்டுப் பிணைத்திருந்தார்கள். எதிர்ச்சுவரில் 'உங்கள் கஷ்டத்தைச் சுருக்கமாகச் சொல்லவும்' என்று ஒரு பலகை. கஷ்டத்தைச் சுருக்கிச் சுருக்கி மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே அவள் மூன்று மாலைகள் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்தபோது சொல்வதற்கு ஒன்றுமே மிஞ்சவில்லை.

நல அலுவலர் மென்மையான மனிதர். அடுத்தவர் வேதனை தன் தொண்டையில் சிக்கிக்கொண்டதைப் போல ஒரு குரல். அவர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. படிப்பு முடியற வரைக்கும் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு."

தனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா?"

"பன்னிரண்டு வருஷம் முன்னாடிங்க சார்."

"பன்னிரண்டு வருஷம் முன்னாடியும் இந்த ஆபீஸ் இங்கதானேம்மா இருந்துச்சு."

தாளில் அடுத்து அப்பாவின் வருமானம் கேட்டிருந்தது. அப்பா இறந்துவிட்டார் என்றாள். அதை ஒரு வருமானமாகக் கருத முடியாது என்று அவர் வருத்தத்தோடு விளக்கினார். அப்படியானால் கணவனின் வருமானம். அவள் கொண்டுவந்திருந்த சான்றை அவர் விரலால் தடவிப் படித்தார். உச்சவரம்பை அது ஒரு முடியளவு தாண்டியிருந்தது. தாண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமைகளால்தான். முதல் கட்டணத்தைக் கட்ட அவன் உழைக்காமல் இருந்திருந்தால், முதல் கட்டணத்தைக் கட்ட உதவி கிடைத்திருக்கும். உழைத்ததில் தப்பில்லை, எங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உழைத்திருக்கலாம் என்றார் அலுவலர்.

அவள் எழுந்திருக்கவில்லை. போக வேறு இடம் இல்லை என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

"வீட்டுக்காரர் குடிப்பாரா?"

இல்லை என்றாள்.

"அடிப்பாரா? வேற எங்கயாவது தொடர்பு?"

இரண்டுக்கும் இல்லை என்று தலையாட்டினாள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? உங்களுக்கு உதவணும்னு எனக்கு ஆசைதான். உங்க வீட்டுக்காரர் அதைக் கெடுத்து வெச்சிருக்காரு. நல்ல புருஷன்ங்கறதே ஒரு உதவித்தொகைதாம்மா. ஒரே ஆளுக்கு ரெண்டு உதவித்தொகை குடுக்க விதியில இடமில்ல."

பிறகு கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். கணவனால் கைவிடப்பட்டவர் என்று ஒரு பிரிவு உண்டு. அதற்கு உச்சவரம்பு கிடையாது, தந்தை கிடையாது, எதுவும் கிடையாது. "இந்த வருஷம் அதுல ஒருத்தர்கூட வரல. ஒதுக்கின தொகை அப்படியே திரும்பிப் போகப்போகுது. எங்க பிரிவுக்கே அது ஒரு தலைக்குனிவு. நான் எதுவும் சொல்லல. நீங்களே வீட்ல கலந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

கைவிடப்படுவதைப் பற்றி வீட்டில் கலந்து பேச அவள் போனாள்.

கணவன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டான். முதலில் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்டான். அவன் பார்த்துக்கொள்கிற ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், ஒரு ஆள் படுக்க இடம் உண்டு. பக்கத்து அறையில் இருக்கும் அவன் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் இருவரும் நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் வேலை அதிகம், அங்கேயே தங்கப்போகிறான் என்று சொன்னார்கள். அவன் ஒரு பையில் நாலு சட்டையை எடுத்துக்கொண்டான். தலையணையையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவள் சொன்னாள்.

விண்ணப்பத்தில் கைவிட்டதற்கான காரணம் கட்டாயம் என்றார் அலுவலர். குழந்தை உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப அதையே காரணமா போட்ரலாமேம்மா. கமிட்டி ஒரு கேள்வி கேக்காது."

அவர் உதவி செய்கிற சந்தோஷத்தில் இருந்தார். அவள் பேனாவை வாங்கி 'மனஸ்தாபம்' என்று எழுதினாள். இது கொஞ்சம் பலவீனமான காரணம் என்று அவர் எச்சரித்தார்.

அடுத்த வாரம் கள ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலிலும் குடை பிடிப்பவர். செருப்பு வைக்கும் இடத்தைப் பார்த்தார். குளியலறையில் பல்துலக்கும் பிரஷ்களைப் பார்த்தார். சவர ரேசரைத் தேடினார், இல்லை. பிறகு படுக்கையறைக்குப் போய் மெத்தையைக் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு பள்ளம் இருக்கே," என்றார்.

பன்னிரண்டு வருடப் பள்ளம், போக நாளாகும் என்றாள் அவள். அவர் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மாமியார் உள்ளே வந்தாள். யார் இவர் என்று கேட்டாள். உங்கள் மகன் மனைவியைக் கைவிட்டது சம்பந்தமாக வந்திருக்கிறேன் என்று ஆய்வாளர் தெளிவாகவே சொன்னார்.

"யார் கைவிட்டது? என் புள்ளையா? அவனை நான் அப்படி வளர்க்கல."

அவள் அத்தை, அத்தை என்று கையைப் பிடிப்பதற்குள் மாமியார் மகனுக்குப் போன் போட்டு, உடனே கிளம்பி வா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அவன் கருவிப்பையோடு படியேறி ஓடி வந்தான். வந்ததும் அம்மாவைப் பார்க்கவில்லை. உனக்கு ஒன்றும் இல்லையே என்று மனைவியின் தோளைப் பிடித்துக் கேட்டான். ஆய்வாளர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பிரிவிலிருந்து வந்த பதிலில், கைவிடுதல் நிகழ்ந்திருப்பதற்கான அறிகுறிகள் தெரிகின்றன, எனினும் அது போதிய அளவில் இல்லை என்று இருந்தது. நேரடி விசாரணைக்கு இருவரும் கமிட்டி முன் வர வேண்டும். கைவிட்டவர் நேரில் வந்து உறுதிப்படுத்தாவிட்டால், கைவிடவில்லை என்று கருதப்படும்.

அதற்கிடையில் இருந்த நாட்கள்தான் மோசம். படிப்புக்காகத் தன் மகனை வீட்டை விட்டு விரட்டிவிட்டாள் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டாள். எடுத்துச் சொன்னால் இன்னும் மோசமாகப் புரிந்துகொண்டாள். தட்டை எதிரில் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் போய்விடுவாள். போன் பேச்சையும் குறைத்துக்கொள்வது நல்லது, கமிட்டி அழைப்புப் பட்டியலைக் கேட்டாலும் கேட்கும் என்று நல அலுவலர் சொல்லியிருந்தார். அவள் குறைத்துக்கொண்டாள். அவனும் குறைத்துக்கொண்டான். எப்போதாவது பேசும்போது அவன் குரலுக்குப் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். அது நிற்கும்வரை இருவரும் பேசாமல் காத்திருப்பார்கள். நின்றபிறகு என்ன பேசுவதென்று தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பரிசோதனைக்கூடத்தில் ஒருநாள் ஒரு பெரியவரின் கையில் ஊசியைக் குத்திவிட்டுக் குழாயை மாட்ட மறந்து நின்றாள். பெரியவர்தான், ரத்தம் வீணாப் போகுதும்மா என்று சொன்னார்.

விசாரணை நாள் வந்தது. நீளமான மேசைக்குப் பின்னால் துணை முதல்வர், நல அலுவலர், இன்னும் பேசாத சிலர். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. கணவன் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தான். அவர்கள் பார்த்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இளைத்துவிட்டானா என்று அவள் பார்க்க முயன்றாள். பார்க்கக்கூடாது என்பது ஞாபகம் வந்து சுவரைப் பார்த்தாள்.

துணை முதல்வர் ஒரு சின்ன உரையோடு ஆரம்பித்தார். பொதுக்கூட்டத்தில் பேசிப் பழகியவர்.

"இந்தக் கல்லூரி குடும்பத்தை மதிக்கற கல்லூரி. குடும்பம் இல்லாம கல்வி இல்ல. அதனாலதான் ஒரு குடும்பம் உடைஞ்சுதுன்னா அதுக்கு முறையான ஆதாரம் கேக்கறோம். யார் வேணா, எப்ப வேணா, எந்த ஆதாரமும் இல்லாம பிரிஞ்சு போகலாம்னு விட்டா சமுதாயம் என்ன ஆகறது? நீங்க ஒழுங்காப் பிரிஞ்சிருந்தீங்கன்னா, உங்களுக்குப் பக்கபலமா நிக்கற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்."

பிறகு, சொல்லுங்க என்றார் கணவனைப் பார்த்து. அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே, இவளை நான் கைவிட்டுட்டேன் என்றான். போனில் ஒத்திகை பார்த்த அதே வார்த்தை. கமிட்டியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளே வந்தவுடன் அவன் அந்த ஒரே நாற்காலியை மனைவிக்கு இழுத்துப் போட்டதைத் தான் கவனித்ததாகத் துணை முதல்வர் சொன்னார். கைவிட்ட ஒருவர் செய்கிற காரியம் அல்ல அது. குரலிலும் அழுத்தம் போதவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். அவன் இன்னொரு முறை சொன்னான். நல அலுவலர் மேசைக்கு மேல் சாய்ந்து, நாடகத்துக்கு வசனம் எடுத்துக்கொடுப்பவரைப் போலக் கெஞ்சினார். மனசுல இருக்கறதைச் சொல்லுங்க தம்பி, உங்களுக்கு இவங்க மேல ஒரு வெறுப்பு இருக்கும்ல, அதைச் சொல்லுங்க. இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவோம் என்றார் துணை முதல்வர். மாதக் கடைசிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். எதையாவது சொல்லித் தொலையுங்கள் என்பதுதான் அந்தப் பார்வை.

அவன் மேசையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னான்.

"காலையில எழுந்தா புத்தகம். சாயங்காலம் வந்தா புத்தகம். நான் இன்னைக்கு எந்தக் கட்டடத்துக்குப் போனேன், எவ்வளவு உயரத்துல தொங்கினேன்னு ஒரு கேள்வி கிடையாது. மூணு மாசம் முன்னாடி கதவு இடுக்குல விரல் மாட்டி நகம் பேந்துபோச்சு. கட்டுப் போட்டுக்கிட்டு எதிர்லதான் உட்காந்து சாப்பிட்டேன். உப்பு வேணுமான்னு கேட்டா. தினமும் எத்தனையோ பேர் கையைப் பிடிச்சுப் பாக்கறவ. என் கையைப் பாக்கல."

அவள் அவன் கையைப் பார்த்தாள். வலதுகை நடுவிரலில் நகம் பாதிதான் வளர்ந்திருந்தது.

துணை முதல்வர் முதுகைச் சாய்த்துக்கொண்டார். "இதைத்தான் நாங்க முதல்லயே எதிர்பார்த்தோம். ரொம்ப இயல்பா இருந்துச்சு," என்றார். உதவி அனுமதிக்கப்படுகிறது, விசாரணைக்குப் பிறகும் கைவிடுதல் தொடர்கிறதா என்று கள ஆய்வாளர் இன்று மாலைக்குள் ஓர் அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான் என்றார். நல அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வருடம் தொகை திரும்பிப் போகாது. அவர் எழுந்து வந்து கணவனின் வலது கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்றார்.

இருவரும் படியிறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். அங்கே நிழலில் நின்றபிறகு அவள்தான் ஆரம்பித்தாள்.

"முதல் ரெண்டு தடவை சொன்னது அவங்களுக்கு. மூணாவது தடவை சொன்னது யாருக்கு?"

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆறு மாசமா உங்கிட்ட இதையெல்லாம் சொல்ல நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ படிச்சுக்கிட்டு இருந்த. இன்னைக்கு அவங்க நேரம் ஒதுக்கிக் குடுத்தாங்க."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு குடை நின்றுகொண்டிருந்தது. கள ஆய்வாளர் ஒளிந்துகொள்ளவெல்லாம் இல்லை. கடமையைச் செய்பவருக்கு ஒளிய வேண்டிய அவசியம் இல்லை. அவர் கையில் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. அவன் அவரைப் பார்த்தவுடன் அவளிடமிருந்து இரண்டு எட்டு விலகி நின்றான். நீ எதிர்ப்பக்கம் போய் உன் பேருந்தைப் பிடி, நான் அப்புறம் பேசுகிறேன் என்று உதட்டை அசைக்காமல் சொன்னான். அவனுடைய பேருந்து வந்தது. அவன் பின்வாசலில் ஏறினான்.

அவள் அங்கேயே நின்றாள். அந்த நேரத்தில் அவள் கணக்குப் போட்டாள் என்று சொன்னால் அது பொய். கட்டணம், கடைசி நாள், ஊசி, வரவேற்பு மேசை எதுவும் அவள் மனதில் இல்லை. பாதி வளர்ந்த ஒரு நகம்தான் இருந்தது. பேருந்து நகர ஆரம்பித்தபோது அவள் ஓடினாள். கைப்பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் ஆட, ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள். நடத்துநர் திட்டினார்.

கணவன் கடைசி வரிசைக்கு முந்தைய இருக்கையில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் முதலில் வெளியே குடையைத்தான் பார்த்தான். கெடுத்துட்டியே என்றான். பிறகு ஜன்னலோரமாக நகர்ந்துகொண்டான். அவள் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பரிசோதனைக்கூடத்தில் செய்வதைப் போல ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். இன்னும் என்னவெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றாள். நிறைய இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் போய் வெகுநேரம் ஆன பிறகும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் அவளும் சில விஷயங்களைச் சொன்னாள். ஒரு இடத்தில் இருவரும் சண்டைகூடப் போட்டார்கள். அது அசல் சண்டை, யாரும் கேட்டு எழுதிக்கொள்ளாத சண்டை.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். உதவி போனது போனதுதான் என்று அவள் புத்தகங்களை அடுக்கிக் கட்டி வைத்தாள். மாமியார் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, நாளைக்கு ஒரு வார்த்தை போய்க் கேட்டுவிட்டுக் கட்டக்கூடாதா என்றாள். அத்தனை நாளில் அவளிடம் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

மறுநாள் அவள் போனபோது கட்டணம் செலுத்தப்பட்டிருந்தது. அவளால் நம்ப முடியவில்லை. நல அலுவலர் பெருமையோடு கோப்பைத் திருப்பிக் காட்டினார். கள ஆய்வாளரின் அறிக்கை சுருக்கமாக இருந்தது.

'மனைவி ஓடும் பேருந்தின் பின்னால் ஓடிக் கணவனைப் பின்தொடர்ந்தார். கணவன் இறங்கவில்லை. மனைவி அருகில் வந்தபோது, கணவன் அவரிடமிருந்து விலகி ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்ததை நேரில் கண்டேன். கைவிடுதல் முழுமை.'

அவர் அப்படித்தான் புரிந்துகொண்டாரா, வேறு ஏதாவது நினைத்து எழுதினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் முடியாது. அறிக்கைக்குக் கீழே கையெழுத்துக்கு மட்டும்தான் இடம் விட்டிருந்தார்கள்.